ஷெனோன்சோ: ஆற்றின் மேல் நிற்கும் மாளிகைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாரிஸுக்கு வந்து இறங்கும் உறவினர்களும் நண்பர்களும் ஈஃபில் கோபுரம் பார்த்து முடித்த மறுநாள் கேட்பது ஒன்றுதான்: "ஊருக்கு வெளியே, நாட்டுப்புறத்தில், பழைய கோட்டை ஒன்றைப் பார்க்கவேண்டும். எதற்குப் போகலாம்?" நான் தயங்காமல் சொல்லும் பெயர் ஷெனோன்சோ. அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளுக்குப் பல வருடங்களாகத் தொலைபேசியில் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஷெனோன்சோ எங்கே இருக்கிறது? அதில் என்ன அப்படி விசேஷம்?

பிரான்சின் நடுப்பகுதியில், தூர் நகரத்துக்குக் கிழக்கே, ஷேர் என்ற ஆற்றின் மேல் இருக்கிறது. ஆற்றங்கரையில் என்று சொல்லவில்லை, ஆற்றின் மேல். வலக்கரையில் வாசல், அங்கிருந்து நீண்டு, தண்ணீருக்குள் ஊன்றிய தூண்களின் மேல் நடந்து, இடக்கரையில் போய் முடிகிறது. வளைவுகளுக்குக் கீழே ஆறு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். காற்றில்லாத காலையில் முழு மாளிகையும் தலைகீழாகத் தண்ணீரில் தெரியும்.

லுவார் பள்ளத்தாக்கில் அரச மாளிகைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மற்றவற்றில் பல ஆற்றைப் பார்த்து நிற்கின்றன. இது ஆற்றைக் கடக்கிறது. எனக்கு இது முதலில் ஒரு பாலம், பிறகுதான் மாளிகை. அப்படி நினைத்துக்கொண்டு போனால் அதன் வரலாறு முழுவதும் சுலபமாகப் பிடிபடும்.

இது கோட்டையா, அரண்மனையா?

பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், அதனால் வரும் குழப்பம் இது. போர்க்கோட்டை ஒன்று இங்கே இருந்தது உண்மை. மார்க் என்ற குடும்பத்துக்குச் சொந்தமான அந்தக் கோட்டையையும் பக்கத்தில் ஆற்றுக்குள் நின்ற மாவு அரைக்கும் நீராலையையும் 1513இல் தோமா போயே என்பவர் வாங்கினார். அரசரின் நிதி அதிகாரிகளில் ஒருவர். கோட்டையை இடித்தார்; வட்டமான காவல் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார். ஆலையின் தூண்களை அடித்தளமாக வைத்து அதன் மேல் புது வீடு எழுப்பினார். முன்முற்றத்தில் தனியாக நிற்கும் கோபுரம்தான் அந்தப் பழைய கோட்டையின் மிச்சம். அதன் அருகில் மார்க் குடும்பத்தின் சின்னம் செதுக்கிய கிணறு இருக்கிறது. அவசரத்தில் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

கோபுரத்தின் கனத்த சுவரையும் எதிரே இருக்கும் மாளிகையின் அகலமான ஜன்னல்களையும் மாறி மாறிப் பாருங்கள். எதிரிக்குப் பயந்து கட்டிய காலம் ஒரு பக்கம். வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று கட்டிய காலம் மறுபக்கம். மறுமலர்ச்சிக் காலம் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இந்த இடைவெளியில் நின்றால் கண்ணுக்குத் தெரியும்.

"பெண்களின் மாளிகை" என்று ஏன் சொல்கிறார்கள்?

விளம்பரத்துக்காகச் சொன்ன பெயர் என்று நினைக்கவேண்டாம். இந்த வீட்டைக் கட்டியவர், வளர்த்தவர், காத்தவர் என்று வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் பெண்கள்தான்.

தோமா போயே இத்தாலியப் போர்களுக்காக அரசரோடு அலைந்துகொண்டிருந்தார். கட்டட வேலையைக் கூட நின்று பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி கத்தரீன் பிரிசோனே. நேராக ஏறும் படிக்கட்டு இவர் காலத்து வேலை. அன்றைய பிரான்சில் படிக்கட்டு என்றால் கோபுரத்துக்குள் சுருண்டு ஏறும் சுழல்படி. இத்தாலிய முறையில் நேராக ஏறி, திரும்பி, மறுபடி நேராக ஏறும் படிகள் இங்கே வந்தபோது புதுமை. இரண்டாம் பாதிக்குத் திரும்பும் இடத்தில் ஆற்றைப் பார்க்கும் திறப்பு ஒன்று உண்டு. கணவன் மனைவி இருவரின் முதலெழுத்துகளும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. இது கட்டி முடிந்தால் என்னை நினைவில் வைத்திருப்பார்கள் என்ற பொருளில் ஒரு வாசகத்தையும் தோமா செதுக்கச் செய்திருந்தார். 1524இல் அவர் இத்தாலியில் இறந்தார். 1526இல் கத்தரீனும் போய்விட்டார். கட்டிய வீட்டில் சேர்ந்து வாழ அவர்களுக்குக் கிடைத்த காலம் மிகக் கொஞ்சம். கருவூலத்துக்குக் கட்டவேண்டிய கடனுக்காக 1535இல் அவர்கள் மகன் இதை அரசர் முதலாம் பிரான்சுவாவிடம் ஒப்படைத்தார்.

பிறகு வந்தவர்கள் தியான் து புவாத்தியே, அரசி கத்தரீன் மெதிச்சி, அரசி லூயிஸ் து லொரேன், 18ஆம் நூற்றாண்டில் லூயிஸ் துப்பேன், 19ஆம் நூற்றாண்டில் பெலூஸ் அம்மையார். ஒவ்வொருவரைப் பற்றியும் கீழே வருகிறது.

அரசர் தன் காதலிக்காகக் கட்டியது என்று கேள்விப்பட்டேனே?

கட்டியது இல்லை, கொடுத்தது. 1547இல் அரியணை ஏறிய இரண்டாம் ஹென்றி இதைத் தியானுக்குக் கொடுத்தார். தியான் அவரைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். அழகைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது நிர்வாகத் திறமை. நிலத்தின் வருமானத்தை ஒழுங்குபடுத்தினார், பெரிய தோட்டம் போட்டார், கட்டடக் கலைஞர் பிலிபேர் து லோர்மை அழைத்து மாளிகையிலிருந்து மறுகரைக்குப் பாலம் கட்டவைத்தார். அந்த ஒரு முடிவுதான் ஷெனோன்சோவை ஷெனோன்சோ ஆக்கியது.

1559 கோடையில் பாரிஸில் நடந்த ஈட்டிப் போட்டியில் அரசருக்குக் கண்ணருகே காயம் பட்டது. பத்து நாளில் இறந்துவிட்டார். அதுவரை ஒதுங்கியிருந்த பட்டத்தரசி கத்தரீன் மெதிச்சியின் கை ஓங்கியது. ஷெனோன்சோவை விட்டுவிட்டு லுவார் கரையிலிருந்த ஷோமோன் மாளிகையை எடுத்துக்கொள்ளும்படி தியானை நிர்ப்பந்தித்தார். தியான் கட்டிய பாலத்தின் மேலேயே இரண்டு அடுக்கு நீள்கூடம் எழுப்பினார். 1576இல் வேலை முடிந்தது.

தியானின் படுக்கையறை என்று காட்டப்படும் அறையில் கணப்படுப்புக்கு மேலே தொங்குவது யாருடைய படம் தெரியுமா? கத்தரீன் மெதிச்சியின் படம். 19ஆம் நூற்றாண்டில் வரைந்தது என்றாலும் அந்த அறையில் அதைப் பார்க்கும்போது மனம் என்னவோ செய்கிறது. கணப்படுப்பிலும் கூரையிலும் ஹென்றியின் எச் எழுத்தும் கத்தரீனின் இரண்டு சி எழுத்துகளும் பின்னியிருக்கும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அந்த சி, எச்சின் காலோடு சேர்ந்து தியானின் டி எழுத்தாகத் தெரியும். அருகே போய்ப் பாருங்கள், பிறகு இரண்டடி பின்னால் வந்து பாருங்கள்.

கத்தரீனைக் கொடுமைக்காரியாக மட்டும் காட்டும் கதைகள் எனக்கு உடன்பாடில்லை. பதினான்கு வயதில் ஃபுளோரன்ஸிலிருந்து மணமாகி வந்து, கணவனின் மனம் முழுவதும் இன்னொருவரிடம் இருப்பதை இருபது ஆண்டுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தவர். கணவன் போனபின் சின்ன வயது மகன்களுக்காக ராஜ்யத்தைத் தாங்கினார். பச்சை அறை என்று அழைக்கப்படும் அவருடைய அலுவல் அறையும் அதை ஒட்டிய சிறு நூலகமும் தரைத்தளத்தில் இருக்கின்றன. நூலகத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஷேர் ஆறு மட்டும்தான் தெரியும்.

பாரிஸிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா?

முடியும். காரில் என்றால் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எனக்கு ரயில்தான் பிடிக்கும். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சேன் பியேர் தே கோர் வரை ஒரு மணி நேரம். அங்கிருந்தோ பக்கத்திலுள்ள தூர் நகரத்திலிருந்தோ சின்ன வட்டார ரயிலில் அரை மணி நேரத்துக்குள் ஷெனோன்சோ. இறங்கினால் மாளிகையின் நுழைவாயில் நடக்கும் தூரம்தான், டாக்சி தேடவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்தச் சின்ன ரயில்கள் நாளுக்குச் சிலமுறைதான் ஓடுகின்றன. திரும்பும் ரயிலின் நேரத்தை நிலையத்தில் இறங்கிய உடனேயே குறித்துக்கொண்டு பிறகு உள்ளே போங்கள்.

இரவு தங்க முடிந்தால் அம்புவாஸில் தங்குங்கள். லுவார் கரையில் அமைதியான சிறு ஊர். லியோனார்தோ தா வின்சி தன் கடைசிக் காலத்தைக் கழித்து 1519இல் இறந்ததும் அங்கேதான்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் பதினொன்று முதல் மூன்று வரை உள்ளே தோள் இடிக்கும் கூட்டம். கோடையில்தான் வரமுடியும் என்றால் கதவு திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள், அல்லது மாலையில் போங்கள். மாலை வெயிலில் கல்லின் நிறமே மாறிவிடும். தூரேன் பகுதியில் தோண்டும் துஃபோ என்ற மெல்லிய சுண்ணாம்புக்கல் அது; புதிதில் மஞ்சள் கலந்திருந்து நாளாக ஆக வெளுக்கும் குணமுள்ளது.

என் விருப்பம் அக்டோபர். காலையில் ஆற்றின் மேல் பனி படர்ந்திருக்கும், மரங்கள் நிறம் மாறியிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். குளிர்காலத்தில் போனால் சில கணப்படுப்புகளில் நெருப்பு எரிவதையும் பார்க்கலாம். தடித்த கல்சுவருக்குள் அந்தச் சூடு எவ்வளவு தூரம் வருகிறது என்று நின்று பாருங்கள். நான்கடிக்கு அப்பால் வருவதில்லை. சுவர் முழுவதும் கனத்த சித்திரச் சீலைகளைத் தொங்கவிட்டது அழகுக்காக மட்டுமில்லை என்று அப்போது புரியும்.

டிக்கெட் வாங்குவது எப்படி?

மாளிகையின் இணையதளத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் இங்கே எழுதவில்லை. தோட்டங்களும் உட்புறமும் ஒரே டிக்கெட்டில் அடங்கும். ஒலிவழிகாட்டி வாங்குங்கள் என்பேன். அறைகளில் எழுதிவைத்திருக்கும் விளக்கம் குறைவு.

ஷெனோன்சோ அரசுடைமை இல்லை. சாக்லேட் தொழிலில் பெயர்பெற்ற மெனியே குடும்பம் 1913இல் வாங்கியது. இன்றும் அவர்களிடமே இருக்கிறது. பராமரிப்பு நன்றாக இருக்கிறது. ஒவ்வோர் அறையிலும் வைத்திருக்கும் பூங்கொத்துகளை மாளிகைக்கென்றே உள்ள மலர்க்கலைஞர்கள் அங்கேயே கட்டுகிறார்கள். பூக்களில் பெரும்பகுதி அங்கேயே வளர்த்தவை. காகிதப்பூ என்று நினைத்துத் தொட்டுப் பார்க்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். தொடவேண்டாம், குனிந்தால் வாசமே வரும்.

உள்ளே எதை முதலில் பார்ப்பது?

உள்ளே நுழைந்ததும் நடைக்கூடத்தில் நின்று கழுத்தை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். கல்விலாக்கள் வந்து சேரும் முடிச்சுக்கற்கள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் இங்கும் அங்குமாக விலகி, உடைந்த கோடாகப் போகும். தவறு இல்லை, வேண்டுமென்றே செய்தது. இடப்புறத்தில் சிறிய வழிபாட்டுக்கூடம். அதன் சுவரில் ஸ்காட்லாந்துக் காவல் வீரர்கள் கத்தியால் கீறிய எழுத்துகள் 1543, 1546 என்ற ஆண்டுகளோடு இன்னும் இருக்கின்றன. மனிதனின் கோபம் கடவுளின் நீதியை நிறைவேற்றாது என்பது அவற்றில் ஒன்றின் பொருள். சொந்த நாட்டை விட்டு வந்து காவல் நின்ற வீரன், வேலை இல்லாத நேரத்தில் கீறியது. அரசர்களின் படங்களைவிட அந்தக் கீறல்களின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றிருக்கிறேன். ஜன்னல்களின் பழைய வண்ணக்கண்ணாடிகள் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் போய்விட்டன. இப்போது இருப்பவை 1954இல் வைத்தவை.

மாடியில் ஐந்து அரசிகளின் அறை என்று ஒன்று உண்டு. கத்தரீன் மெதிச்சியின் இரண்டு மகள்களும் மூன்று மருமகள்களும் அரசிகளானவர்கள். அவர்களின் நினைவாக வைத்த பெயர். நேரம் குறைவு என்றால் இதை விரைவாகக் கடக்கலாம். ரூபன்ஸ், தின்தொரேத்தோ போன்றோரின் ஓவியங்கள் அறைகளில் இருக்கின்றன. ஓவியப் பிரியர்கள் அதற்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டும்.

ஆற்றின் மேலுள்ள நீள்கூடத்தில் என்ன பார்ப்பது? காலியாகத்தானே இருக்கிறது?

காலியாக இருப்பதுதான் அதன் அழகு. அறுபது மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், பதினெட்டு ஜன்னல்கள். தரை முழுவதும் வெள்ளைத் துஃபோ கல்லும் கறுப்பு ஸ்லேட் கல்லும் சதுரங்கக் கட்டமாகப் பதித்தவை. பழைய கற்களில் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருப்பதை மெல்லிய செருப்பில் நடந்தால் பாதமே சொல்லும். வெயில் நாளில் ஆற்றிலிருந்து எழும் ஒளி ஜன்னல் ஓரங்களில் அசைந்துகொண்டிருக்கும்.

நடனத்துக்காகவும் விருந்துக்காகவும் கத்தரீன் கட்டிய கூடம் இது. பிரான்சின் முதல் வாணவேடிக்கை 1560இல் ஷெனோன்சோவில்தான் நடந்தது என்று சொல்வது வழக்கம். ஆனால் இந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் எனக்கு நடனம் நினைவுக்கு வருவதில்லை.

முதல் உலகப் போரில் காஸ்தோன் மெனியே தன் சொந்தச் செலவில் மாளிகையை ராணுவ மருத்துவமனையாக மாற்றினார். இந்த நீள்கூடத்தில் இரு சுவர்களையும் ஒட்டிக் கட்டில்கள் போட்டார்கள். 1918 முடியும்வரை 2,254 பேர் இங்கே சிகிச்சை பெற்றார்கள். படுக்கையில் இருந்தபடியே ஜன்னல் வழியாகத் தூண்டில் போட்டு ஷேர் ஆற்றில் மீன் பிடித்த வீரர்களும் உண்டு. செவிலியர்களுக்குத் தலைமை தாங்கியவர் மெனியே குடும்பத்து மருமகள் சிமோன் மெனியே.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940இல் ஜெர்மானியர் பிரான்சை இரண்டாகப் பிரித்தபோது இந்தப் பகுதியில் எல்லைக்கோடு ஷேர் ஆறு. மாளிகையின் வாசல் இருக்கும் வலக்கரை ஜெர்மானியர் ஆக்கிரமித்த பகுதி. நீள்கூடத்தின் தெற்குக் கதவு திறக்கும் இடக்கரை ஆக்கிரமிக்கப்படாத பகுதி. ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு ஆட்சியில், பின்வாசல் இன்னொரு ஆட்சியில். உயிருக்குத் தப்பி ஓடியவர்கள் சிலர் இந்தச் சதுரங்கத் தரையில் அறுபது மீட்டர் நடந்து அந்தக் கதவு வழியாக மறுகரைக்குப் போனார்கள். கூடத்தின் இரண்டு முனைகளிலும் பெரிய கணப்படுப்பு இருப்பதுபோல் தோன்றும். தெற்கு முனையில் இருப்பது வெறும் அலங்காரம், அதன் நடுவில் இருப்பது அந்தக் கதவுதான்.

கறுப்பு அறையைப் பார்க்கவேண்டும் என்கிறார்களே, அது என்ன?

மேல்தளத்தில் இருக்கிறது, படி ஏறச் சிரமமாக இருந்தாலும் ஏறுங்கள். கத்தரீன் மெதிச்சியின் மகன் மூன்றாம் ஹென்றி 1589 ஆகஸ்டில் துறவி ஒருவனால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அவர் மனைவி லூயிஸ் து லொரேன் அப்போது ஷெனோன்சோவில் இருந்தார். செய்தி இங்கேதான் வந்து சேர்ந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் இந்த மாளிகையிலேயே துக்கம் காத்தார். பிரெஞ்சு அரசிகளுக்குத் துக்கத்தின் நிறம் வெள்ளை. நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெள்ளை உடுத்தி நடந்ததால் ஊரார் அவரை வெள்ளை அரசி என்றார்கள்.

உடை வெள்ளை, அறையோ கறுப்பு. கூரையில் வெள்ளி நிறக் கண்ணீர்த் துளிகள், முள்முடிகள், கைம்பெண்ணின் முடிச்சுக் கயிறுகள், சவக்குழி தோண்டும் மண்வெட்டிகள். அந்தக் கண்ணீர்த் துளிகள் ஒன்றொன்றாகத் தூரிகையால் இட்டவை. வரிசை தவறாமல் விழுந்துகொண்டே இருப்பதுபோல் இருக்கும். கீழே நடனக்கூடம், மேலே இந்த அறை. இரண்டும் ஒரே குடும்பத்துக்காக, இருபது ஆண்டுக்குள் உண்டானவை.

சமையலறை பார்க்கத் தகுந்ததா?

நிச்சயமாக. எனக்கு மாளிகையில் மிகவும் பிடித்த இடமே அதுதான். ஆலையின் பழைய தூண்களுக்கு உள்ளே, ஆற்றுக்குச் சற்று மேலே, குகைபோலத் தாழ்ந்த வளைவுக் கூரைகளுக்குக் கீழே அமைந்திருக்கிறது. இறங்கும்போதே காற்று குளிர்ந்துவிடும். சாமான்கள் படகில் வந்து கீழேயுள்ள துறையில் இறங்கும், நேராகச் சமையலறைக்குள் ஏற்றிவிடுவார்கள். ரொட்டி அடுப்பு ஒரு பக்கம், மாளிகையிலேயே மிகப் பெரிய கணப்படுப்பு பக்கத்தில். இறைச்சி வெட்டும் அறையில் கொக்கிகளும் வெட்டுக்கட்டையும் கத்திகளும் அப்படியே இருக்கின்றன. வெட்டுக்கட்டையின் நடுப்பகுதி கத்தி விழுந்து விழுந்து தட்டுப்போலக் குழிந்திருக்கும். சுவர் நிறையச் செம்புப் பாத்திரங்கள், பெரிதிலிருந்து சிறிதாக வரிசையில். முதல் உலகப் போரில் நோயாளிகளுக்குச் சமைக்கவேண்டி வந்ததால் பெரிய இரும்பு அடுப்பு ஒன்றும் இங்கே வந்து சேர்ந்தது.

சமைத்துப் பழகியவர்கள் இங்கே வந்தால் சுலபத்தில் நகரமாட்டார்கள். என் அத்தை ஒருமுறை வந்தபோது அரசிகளின் அறைகளைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு, இங்கே அரைமணி நேரம் நின்று எந்தப் பாத்திரத்தில் எத்தனை பேருக்குச் சமைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சுப் புரட்சியில் எத்தனையோ மாளிகைகள் சூறையாடப்பட்டன. இது எப்படித் தப்பியது?

லூயிஸ் துப்பேனால். அவர் கணவர் கிளோத் துப்பேன் 1733இல் இதை வாங்கினார். வோல்தேர், மொந்தெஸ்கியூ போன்ற அக்காலச் சிந்தனையாளர்களைக் கூட்டிப் பேசவைத்தவர் இந்த அம்மையார். ஜான் ஜாக் ரூஸோ அவரிடம் செயலாளராக வேலை பார்த்தார். மகனுக்குச் சில நாள் பாடமும் சொல்லிக்கொடுத்தார். பெண்களின் நிலை பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுத அம்மையார் திட்டமிட்டிருந்தார். அதற்கான குறிப்புகளை ரூஸோ படியெடுத்துக் கொடுத்தார். நூல் அவர் காலத்தில் வெளிவரவில்லை.

புரட்சி வந்தபோது அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. ஊர்மக்கள் அவரை மதித்தார்கள். மாளிகைக்கு ஆபத்து நெருங்கியபோது சொல்லப்பட்ட வாதம் மிக எளிமையானது: மோன்ரிஷாருக்கும் பிளேரேவுக்கும் இடையில் இந்த ஆற்றைக் கடக்க இருப்பது இந்த ஒரு பாலம்தான், பாலத்தை இடிப்பீர்களா? வழிபாட்டுக்கூடத்தை விறகு அடுக்கி வைக்கும் அறையாக மாற்றி அதையும் காப்பாற்றினார். 1799இல் 93 வயதில் இங்கேயே இறந்தார். அவர் விருப்பப்படி மாளிகையின் காட்டுப்பகுதியிலேயே அடக்கம் செய்தார்கள்.

பெலூஸ் அம்மையார் கதை வேறு. 1864இல் வாங்கினார். பிற்காலத்தில் சேர்த்தவற்றைக் களைந்து தோமா போயே காலத்து முகத்தைத் திரும்பக் கொண்டுவரத் தன் செல்வம் முழுவதையும் கொட்டினார். கத்தரீன் மெதிச்சி முகப்பில் வைத்த பெரிய பெண்ணுருவச் சிலைகளை எடுத்துவிட்டார்; அவை இன்று பூங்காவில் நிற்கின்றன. 1888இல் கடன் கழுத்தை நெரித்து மாளிகை கைவிட்டுப் போனது. நாம் இன்று பார்க்கும் முகப்பு அவர் இழந்த சொத்தின் விலை.

தோட்டங்கள் இரண்டு என்கிறார்களே, எதைப் பார்ப்பது?

இரண்டும் எதிரும் புதிருமாக வாசலின் இரு பக்கத்தில் இருக்கின்றன. தியானின் தோட்டம் பெரியது, பன்னிரண்டாயிரம் சதுர மீட்டர். ஆற்றுவெள்ளம் ஏறாதபடி சுற்றிலும் உயர்ந்த கல்மேடை கட்டியிருக்கிறார்கள். அந்த மேடைமேல் நடந்தால்தான் புல்வெளியின் கோலம் முழுதாகத் தெரியும். கத்தரீனின் தோட்டம் அதில் பாதிக்கும் குறைவு, நடுவில் வட்டக்குளம், ரோஜாக்கள். ஒன்றைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் தியானின் தோட்டத்தின் ஆற்றோர மூலைக்குப் போங்கள். பாலத்தின் வளைவுகள் அங்கிருந்து மிக அழகாகத் தெரியும்.

குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஒத்துவருமா?

குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். யூ மரங்களை வேலியாக வளர்த்த வட்டமான புதிர்ப்பாதை ஒன்று காட்டுப்பகுதியில் இருக்கிறது, கழுதைகள் இருக்கின்றன, 16ஆம் நூற்றாண்டுப் பண்ணைவீடு இருக்கிறது. கோடையில் ஆற்றில் சிறுபடகு வாடகைக்கு எடுத்து வளைவுகளுக்குக் கீழே துடுப்புப் போட்டுப் போகலாம். வளைவுக்குள் நுழைந்ததும் சத்தமாகப் பேசிப்பார்க்கச் சொல்லுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தரைத்தளமும் நீள்கூடமும் தோட்டங்களும் சிரமமில்லை. சமையலறைக்கும் மேல்தளங்களுக்கும் படிகள்தான். நுழைவாயிலிலிருந்து மாளிகைவரை மரங்கள் சூழ்ந்த நீண்ட பாதையில் நடக்கவேண்டும். அதற்குத் தனியாக நேரம் வையுங்கள்.

சாப்பாடு?

வளாகத்துக்குள் உணவகங்கள் உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குத் தேர்வு குறைவு. எலுமிச்சைச் சாதமோ தயிர்ச் சாதமோ கட்டிக்கொண்டு போய், மரநிழலில் அதற்கென உள்ள இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஊர்ப்பெயரில் கடைசியில் எக்ஸ் இருக்கிறது, மாளிகைப் பெயரில் இல்லை. டிக்கெட் தவறா?

தவறில்லை. ஊரின் பெயரை எழுதும்போது கடைசியில் எக்ஸ் வரும், மாளிகைக்கு வராது. உச்சரிப்பு ஒன்றுதான். ரயில் நிலையத்தைத் தேடும்போது எக்ஸோடு தேடுங்கள்.

அதே நாளில் ஷாம்போர் மாளிகையையும் பார்த்துவிடலாமா?

கார் இருந்தால் முடியும். ஆனால் செய்யாதீர்கள் என்பேன். ஷாம்போர் மிகப் பெரியது, அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். ஒரே நாளில் மூன்று மாளிகைகள் காட்டும் சுற்றுலாப் பஸ்ஸில் வந்தவர்களிடம் மறுநாள் கேட்டால் எந்தப் படிக்கட்டை எங்கே பார்த்தோம் என்று குழம்புகிறார்கள். ஷெனோன்சோவுக்கு மட்டும் குறைந்தது நான்கு மணி நேரம் வையுங்கள்.

மறுகரைக்குப் போகவேண்டுமா? அங்கே ஒன்றும் இல்லை என்கிறார்களே?

மரங்களும் ஆற்றோரப் பாதையும்தான். ஆனாலும் போங்கள். நீள்கூடத்தின் தெற்குக் கதவு திறந்திருக்கும் நாளாக இருந்தால் அதன் வழியாகவே வெளியே வாருங்கள். திரும்பி வர டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் கடைசிக் கல்லைத் தாண்டியதும் கூட்டத்தின் சத்தம் அடங்கிவிடும், வளைவுகளுக்குள் தண்ணீர் நுழையும் ஓசை மட்டும் கேட்கும். கரையோரமாக நூறு அடி நடந்து திரும்பினால் மாளிகை முழுவதும் ஒரே பார்வையில் அகப்படும்: வலது ஓரத்திலோ இடது ஓரத்திலோ, நீங்கள் நடந்த திசையைப் பொறுத்து, தனியாக நிற்கும் பழைய கோபுரம், அதையடுத்துக் கத்தரீன் பிரிசோனே கட்டிய வீடு, கீழே தியானின் பாலம், அதன் மேல் கத்தரீன் மெதிச்சியின் ஜன்னல்கள். நாலரை மணிக்கு மேல் வெயில் அந்த ஜன்னல்களில் விழும்போது அங்கே இருக்கும்படி நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.